காலி எடை

ஜனவரி 9

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே சண்டை வந்துவிடுகிறது, சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள், எழுதும்போதாவது குறுக்கே பேசாமல் இருப்பீர்கள் என்று நீதான் சொன்னாய். பலகையில் பென்சிலால் கோடு இழுப்பதோடு என் எழுத்து முடிந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். கட்டிக்கொண்டவள் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும். எழுதுகிறேன்.

வேன் வாங்கிவிட்டேன்.

மூன்று வண்டி பார்த்தேன். முதலாவது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி. மேலே பளபளப்பு, அடியில் துரு. தரையை விரலால் அழுத்தினேன், நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இரண்டாவது நீயும் பாப்பாவும் எப்போதும் சொல்லுவீர்களே, அந்த மாதிரிக் குட்டை வண்டி, சுற்றிலும் கண்ணாடி. எஞ்சினில் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே முதுகு வளைந்தேதான் நிற்க வேண்டும். சுற்றிலும் கண்ணாடியாக இருந்தால் நான் அலமாரியை எங்கே மாட்டுவது? மூன்றாவது ஒரு சலவைக்காரருடையது, ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும் ஏற்றியது. உயர்ந்த கூரை, இழுக்கும் கதவு, பக்கவாட்டில் முழுத் தகரம். உள்ளே இன்னும் சோப்பு வாசனை அடிக்கிறது. நானே நிமிர்ந்து நிற்கலாம். அதைத்தான் பிடித்தேன்.

பரீட்சை முடிந்ததும் மூன்று பேரும் வேனில் கிளம்பலாம் என்று பாப்பா போட்ட திட்டம் இது. மூன்றே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் வந்துவிட்டது. நீயும் அந்த ஊருக்கு வேலைக்கென்று போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திட்டமாவது கிடப்பில் கிடக்காமல் நடக்கட்டும் என்று தோன்றியது. வேலை முடிந்ததும் வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மேஸ்திரி


ஜனவரி 20

மேஸ்திரிக்கு,

யாரைக் கேட்டு வாங்கினீர்கள்? எனக்காக என்றால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குட்டை வண்டிதான் எனக்குப் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, அதை எழுதியும் இருக்கிறீர்கள். எழுதிவிட்டு நெட்டையை வாங்கியிருக்கிறீர்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கல்குவாரி வாசலில் எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல். லாரி காலியாக வந்து மேடையில் ஏறும். காலி எடையைக் குறிப்பேன். ஜல்லி ஏற்றிக்கொண்டு திரும்ப வரும், அதையும் குறிப்பேன். எல்லா டிரைவரும் ஜன்னலில் தலையை விட்டு ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "கொஞ்சந்தாங்க கூட இருக்கு, பாத்துப் போடுங்க." கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டு வந்த எதுவும் கொஞ்சமாக இருந்து நான் பார்த்ததில்லை.

உங்களையும் தெரியும். ஒரு சின்ன அலமாரிதான் என்று ஆரம்பிப்பீர்கள். நம் வீட்டில் நடக்க வழியில்லாமல் போனது அப்படித்தான். நடையில் பெஞ்சு, கூடத்தில் இரண்டு பீரோ, கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்டு. முழங்காலில் இடித்துக்கொள்ளாமல் நான் சமையலறைக்குப் போன நாள் கிடையாது. மரவேலைக்காரர் பெண்டாட்டி, கொடுத்துவைத்தவள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே தைலம் தடவிக்கொண்டேன்.

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் இன்றைக்கு எழுதவில்லை. வேலை செய்தே தீருவேன் என்றால் இரண்டு பக்கமும் ஜன்னல் வெட்டுங்கள். கீழே ஒரு மெத்தை போடுங்கள். வேறு எதுவும் வேண்டாம். உள்ளே எனக்குக் காலி இடம் வேண்டும், அவ்வளவுதான்.


பிப்ரவரி 17

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

வண்டியை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது.

முதலில் ஜன்னல். தகரத்தை வெட்டுவதற்கு முன் நான்கு தடவை அளந்தேன். மரம் தப்பினால் ஒட்டுப் போடலாம், தகரம் தப்பினால் தப்பியதுதான். வெயில் இறங்காமல் இருக்கச் சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டி, அதற்கு மேல் பலகை அடித்திருக்கிறேன். ஜன்னல் ஒரு பக்கம்தான். கோபப்படாதே. இன்னொரு பக்கத்தில் சமையல் மேடையும் பாத்திர அலமாரியும் வருகின்றன. நீ சமைக்கும்போது எட்டி எடுக்க வசதியாக இருக்கும். தலைக்கு மேலே இரண்டு பக்கமும் பெட்டி. மடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் மேசை. செருப்பு வைக்கக்கூட ஒரு இழுப்பறை.

விளக்குக்கும் காற்றாடிக்கும் தனி பேட்டரி வைக்க நம் தெரு எலெக்ட்ரீஷியன் வந்தார். என் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஓடுற வண்டிண்ணே. ஒல்லிப் பலகை போதும், இவ்வளவு கனத்துக்குப் போடுவாங்களா?" என்றார். "ஒல்லிப் பலகைல எனக்குக் கை வராதுப்பா. போட்டா தலைமுறைக்கு நிக்கணும்" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவர் உடனே கீழே குனிந்து ஒயரைத் தேடினார். நானும் ஆணி டப்பாவைத் தேடினேன்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா கட்டிலைப் பிரித்து நான் ஒரு அலமாரி செய்தேனே, நீ அந்தப் பக்கமே திரும்ப மாட்டாயே, அதைப் பிரித்துவிட்டேன். அந்தப் பலகைகள் திரும்பக் கட்டிலாகிவிட்டன. வேனுக்குள் குறுக்கே போட்டிருக்கிறேன், நம் இரண்டு பேருக்கும் தாராளமாகப் போதும். அவளையும் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இதையாவது நீ மெச்சுவாய் என்று நினைக்கிறேன்.

உன் மேஸ்திரி


மார்ச் 1

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

மெச்சச் சொல்கிறீர்கள். அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை, எனக்கு இருக்கிறது. அவள் போன மறு மாதம். வேலை முடிந்து வருகிறேன், அவள் அறையில் கட்டில் இல்லை. சுவரோரமாக ஒரு அலமாரி, வார்னிஷ்கூடக் காயவில்லை. நீங்கள் வாசற்படியில் நின்றுகொண்டு, "நல்ல தேக்கு, வீணாப் போகக் கூடாதேன்னு பாத்தேன்" என்றீர்கள். அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உள்ளே போய் விளக்கைப் போட்டேன், துணி மடித்தேன்.

நீங்கள் பட்டறைக்குக் கிளம்பிய பிறகு தினமும் அந்தக் கட்டிலில்தான் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டிருந்தேன். தலைமாட்டில் அவள் தலையெண்ணெய்க் கறை இருந்தது. அங்கே கன்னத்தை வைத்தால் அவள் வாசனை வரும். நீங்கள் அதை இழைப்புளி போட்டு இழைத்துவிட்டீர்கள். இழைத்த தூளைக் கூட்டி அள்ளியது நான். இப்போது திரும்பக் கட்டில் ஆக்கினால் அது அவள் கட்டில் ஆகிவிடுமா?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான் அழ ஆரம்பித்தாலே நீங்கள் எழுந்துபோய் எதையாவது அடிக்க ஆரம்பிப்பீர்கள். ஆடாத நாற்காலிக்கு ஆப்பு அடிப்பீர்கள். நான் என் பெண்ணுக்காக அழுததெல்லாம் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில்தான். ஒரே ஒரு தடவை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். வேலை கிடைத்தது என்று நான் கிளம்பி வந்தது பொய் இல்லை. ஆனால் வேலைக்காக வரவில்லை. அந்தச் சத்தம் தாங்காமல் வந்தேன்.


மார்ச் 24

கணக்குப்பிள்ளைக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். பட்டறையில் சீவலோடு சீவலாகக் கிடக்கிறது.

சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று சுலபமாக எழுதிவிட்டாய். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தேனே, அதைவிடச் சும்மாவா? டாக்டர் உள்ளே போகிறார், வருகிறார். நர்ஸ் ஓடுகிறார். தரை துடைக்கிறவர்கூடத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோர் கையிலும் ஒரு வேலை இருந்தது. என் கையில் அவள் செருப்பு இருந்தது. அதற்குப் பிறகு கை சும்மா இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கும்தான் அவள் பெண். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் உனக்கு மட்டும் பிறந்தவள் மாதிரி இருக்கிறது.

எண்ணெய்க் கறை விஷயம் எனக்குத் தெரியாது. நீ அங்கே படுத்திருந்தது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனேன். பின்பக்கம் தரையைத் தேய்க்கிறது, முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது. சோதனை பார்க்கிறவர் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். "பெரியவரே, வீட்டுக்குச் சக்கரம் மாட்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்றார். பிரேக் போடச் சொன்னார். கோட்டைத் தாண்டி, அவருடைய ஆள் நின்ற இடத்தையும் தாண்டித்தான் நின்றது. நல்லவேளை அந்த ஆள் குதித்துவிட்டார். சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

பின்பக்கம் பாரத்தைத் தாங்கும் கமானை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். எவ்வளவு கூடுதல் என்று தெரிந்தால்தானே மாற்ற முடியும். உன் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடலாம். திரும்பி வரும்போது ஒரு டயர் பஞ்சராகிவிட்டது, அதை ஒட்டிக்கொண்டு அடுத்த வாரம் கிளம்பி வருகிறேன். வர வேண்டாம் என்று எழுத உனக்கு நேரம் இருக்கிறது.


ஏப்ரல் 9

மேஸ்திரிக்கு,

வர வேண்டாம் என்று எழுத நேரம் இருந்தது. எழுதவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் வந்த அன்று லாரி வரிசை குவாரி வளைவு வரைக்கும் நின்றது. நடுவில் உயரமாக ஒரு வெள்ளைக் கூரை தெரிந்ததுமே நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. மேடையில் ஏறினீர்கள். எடையைப் பார்த்தேன். ஜல்லி லாரியைப் பார்த்துப் பழகிய எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினேன். "நல்லா இருக்கியா?" என்று கேட்டீர்கள். "சீட்ட வாங்கிட்டு எடுங்க, பின்னாடி நிக்கறாங்க" என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது. உங்கள் காலரில் பொத்தான் இல்லாததை அப்போதுதான் பார்த்தேன்.

நீங்கள் போகவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, "உள்ள வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போ" என்றீர்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்தேன். வேலை சுத்தம், அதை நான் மறுக்க மாட்டேன். ஒரு ஆணித் தலைகூட வெளியே தெரியவில்லை. ஆனால் ஏறியதும் மூச்சு முட்டியது. நம் வீட்டு வாசனை, அதே வார்னிஷ். முழங்கால் எதிலோ இடித்தது. கட்டிலைப் பார்த்தேன், தொடவில்லை. எனக்கு அழுகை வந்தது. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அப்போது செருப்பு இழுப்பறையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் இறங்கிப் போய்விட்டேன்.

ஒரு வாரமாக யோசித்து இதை எழுதுகிறேன். கமானை மாற்ற வேண்டாம். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள், பலகை, பெட்டி, மேசை, கட்டில், எல்லாவற்றையும். இன்னொரு பக்கமும் ஜன்னல் வெட்டுங்கள். வெட்டிவிட்டு வண்டியை எனக்குக் கொடுங்கள்.

எனக்கு என்றால் எனக்கு மட்டும். நீங்கள் வர வேண்டாம். இங்கே லாரி ஓட்டும் அம்மாள் ஒருவர் இருக்கிறார், குவாரியில் எல்லோரும் அவரைப் பெரிய கியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரோடு பழகிப் பழகி வண்டி ஓட்டவும் வந்துவிட்டது, லைசென்சும் கைக்கு வந்துவிட்டது. மலைப்பாதையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். முதல் தடவை திருப்பும்போது குவாரிக் கம்பத்தை உரசினேன், அவர் அரை நாள் சிரித்தார்.

பாப்பா போக வேண்டும் என்று சொன்ன இடங்களுக்கு நான் தனியாகப் போக வேண்டும். உங்களால் முடியுமானால் செய்யுங்கள். முடியாதென்றால் வண்டியை விற்றுவிடுங்கள், மேற்கொண்டு எழுத வேண்டாம்.


மே 22

கணக்குப்பிள்ளைக்கு,

செய்துவிட்டேன்.

முதல் நாள் ஒரு ஸ்குரூவைக் கழற்றிவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மாட்டுகிறவனுக்குக் கழற்றத் தெரியாது என்று எங்கள் தொழிலில் சொல்லுவார்கள். பசை போட்டு ஒட்டிய இடமெல்லாம் தகரத்தோடு பிய்ந்து வருகிறது. எலெக்ட்ரீஷியன் வந்து ஒரு கை பிடித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல மனிதர்.

இப்போது அது வெறும் பெட்டி. தட்டினால் எதிரொலிக்கிறது. இரண்டாவது ஜன்னலும் வெட்டியாகிவிட்டது. கீழே மெல்லிய பலகை ஒன்று, ஒல்லிப் பலகைதான், அதன் மேல் மெத்தை. விளக்கும் காற்றாடியும் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் கழற்றிக்கொள். திரும்பச் சோதனைக்குக் கொண்டுபோனேன், அதே ஆள்தான். "என்ன பெரியவரே, வீட்டக் காலி பண்ணிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

பாப்பாவின் பலகைகள் அவள் அறையில் சுவரில் சாய்ந்திருக்கின்றன. அவற்றை நான் எதுவும் செய்யப்போவதில்லை.

நீ வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறேன். நீ குடியிருக்கும் அறைக்குக் கீழே இருக்கும் டயர் கடைக்காரரிடம் சாவியையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறேன். எடைமேடைப் பக்கம் வரவில்லை. வந்தால் எதையாவது திறந்து காட்டத்தான் தோன்றும். வண்டியை உன் பெயருக்கு மாற்றும் தாள்கள் முன்சீட்டில் இருக்கின்றன, நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கிளட்ச் கொஞ்சம் மேலே வந்துதான் பிடிக்கும். இறக்கத்தில் கியரிலேயே இறங்கு, பிரேக்கை மட்டும் நம்பாதே. தனியாகப் போகாதே என்று சொல்லத்தான் வாய் வருகிறது. சொல்லவில்லை.

உனக்கு வேண்டிய காலி இடத்தில் நானும் சேர்த்தி இல்லை என்பது மேசையைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. வலிக்கிறது. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

சுற்றிவிட்டு வீட்டுக்கு வருவாயா? இதையும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.


ஜூன் 30

உங்களுக்கு,

இதை ஒரு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். காலையிலிருந்து மழை. இரண்டு ஜன்னலிலும் தண்ணீர் வழிகிறது. இந்த ஏரிக்குத்தான் முதலில் வர வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. சகதியும் நாணலும்தான். அவள் இருந்திருந்தால் ஏமாந்து போயிருப்பாள், ஏமாந்ததைக் காட்டிக்கொள்ளாமல் சூப்பர் என்று சொல்லியிருப்பாள்.

வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினேன். பக்கத்துக் காரில் ஒரு அம்மாவும் பெண்ணும் யார் ஜன்னலோரம் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன். மெத்தையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எழுந்துபோய்ச் சுத்தியலை எடுக்க யாரும் இல்லை. அழுது முடிக்கும் வரைக்கும் அழுதேன், அவள் போன பிறகு முதல் தடவையாக. பிறகு பசித்தது. ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் கழற்றியது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிய்ந்த இடங்களை எல்லாம் தேய்த்து, கையைக் கிழிக்காமல் இருக்க நாடா ஒட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உங்கள் கையில் செருப்பு இருந்ததை எழுதினீர்களே, அதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். இப்போது அதற்கு நேரம் போய்விட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கு நான் திரும்பி வர மாட்டேன். சுற்றி முடிந்ததும் குவாரிக்கே போகிறேன், அறை அப்படியேதான் இருக்கிறது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியிருந்தால் உங்களுக்கு நம்பிக்கை இருந்திருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். காலருக்குப் பொத்தான் தைத்துக்கொள்ளுங்கள். வண்டி நன்றாக ஓடுகிறது. மழையில் ரப்பர் ஊறியதாலோ என்னவோ பின்கதவு மட்டும் இறுக்கமாக இருக்கிறது, தோளால் இடித்தால்தான் திறக்கிறது. அதைச் சரி செய்ய நீங்கள் கிளம்பி வர வேண்டாம். எனக்குப் பழகிவிடும்.